அந்தப் படத்தை மாற்றிப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், காரை வீட்டிலேயே பராமரிப்பது பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்று வெளியிட்டிருந்தீர்கள். எஞ்சின் ஆயில் டப்பாவில் உள்ள எண்களுக்கு என்ன அர்த்தம், ஏர் ஃபில்டரை எப்போது மாற்றுவது, பிரேக் பேடு தேய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் எழுதியவர் தெளிவாகவே எழுதியிருக்கிறார். நான் 34 வருடம் கார் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தன் வண்டியின் அடிப்பாகத்தை ஒரு தடவையாவது பார்த்தவர்கள் அதற்குப் பிறகு பள்ளத்தில் வண்டியை இறக்கும் விதமே வேறு. அதனால் அந்தக் கட்டுரை வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

நான் எழுதுவது அதன் மேலே போட்டிருந்த படத்தைப் பற்றி. ஓர் இளைஞர் காரின் முன்பக்கத்துக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறார். இடுப்பு வரைக்கும் உள்ளே. கையில் ஸ்பேனர். காரைத் தூக்கி நிறுத்தியிருப்பது ஒரே ஒரு டிராலி ஜாக்கி, அதாவது சக்கரம் வைத்த எண்ணெய் ஜாக்கி. தூக்கிய காருக்கு முட்டுக் கொடுக்கும் இரும்பு ஸ்டாண்டு இல்லை. பின்சக்கரம் உருளாமல் தடுக்கும் கட்டை இல்லை. கழற்றிய சக்கரத்தைத் தூரத்தில் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார்கள். கட்டுரைக்குள்ளாவது இதைப் பற்றி ஏதாவது இருக்குமா என்று வரி வரியாகத் தேடினேன். 'ஜாக்கி வைத்துத் தூக்கிய பின்' என்ற நான்கு சொற்கள்தான் கிடைத்தன. ஆயிலுக்கு எட்டுப் பத்தி கொடுத்த இடத்தில், ஆள் உயிரோடு வெளியே வருவதற்கு நான்கு சொல்.

ஜாக்கி காரைத் தூக்கத்தான் செய்யும். தூக்கிய காரைத் தாங்க வேண்டியது ஸ்டாண்டு. பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஸ்பேனரின் அளவு படிக்கச் சொல்லித் தருவதற்கு முன்பே எங்கள் மேஸ்திரி சொல்லித் தந்தது இது. "ஸ்டாண்டு போடாத வண்டிக்கு அடியில உன் கை போகலாம், தலை போகக் கூடாது" என்பார். பிறகு அதையும் திருத்தி, "கையும் போகக் கூடாது" என்றார். அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது.

ஏன் ஜாக்கியை நம்பக் கூடாது என்று கேட்கிறவர்களுக்கு அதைப் பிரித்துக் காட்டினால் போதும். வெளியிலிருந்து பார்த்தால் கனத்த இரும்பு. மூன்று டன் என்று பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே ஒரு சின்ன பிஸ்டன், ஒரு பெரிய பிஸ்டன், நடுவே எண்ணெய். அடைத்து வைத்த திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் சொன்ன விதிதான் அங்கே வேலை செய்கிறது. நாம் கைப்பிடியை அழுத்தும்போது சின்ன பிஸ்டன் தள்ளுகிற எண்ணெய், பரப்பு அதிகமான பெரிய பிஸ்டனைப் பல மடங்கு பலத்தோடு மேலே தள்ளுகிறது. ஏறிய எண்ணெய் திரும்பி வராமல் காப்பது குன்றிமணி அளவுள்ள ஓர் இரும்புக் குண்டும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமும். குண்டு உட்காரும் குழியில் ஒரு துகள் அழுக்கு மாட்டினால் எண்ணெய் பின்னால் போகும். ரப்பர் வளையம் வருடக்கணக்கில் கிடந்து இறுகி, ஒரு நாள் பாரத்தில் பிளக்கும். இரவு தூக்கி வைத்துவிட்டுப் போன வண்டி காலையில் நான்கு விரற்கடை இறங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கண் இமைக்கும் நேரத்தில் இறங்கியதையும் பார்த்திருக்கிறேன். எந்த ஜாக்கி எப்போது எப்படி இறங்கும் என்று வெளியில் எந்த அடையாளமும் தெரியாது. கைப்பிடியில் யாராவது கால் இடறி, எண்ணெயைத் திறந்துவிடும் திருகு சற்றுத் திரும்பினாலும் போதும், கார் கீழே வந்துவிடும்.

காரோடு டிக்கியில் கொடுக்கிற திருகு ஜாக்கியில் எண்ணெய் கிடையாது, கசிவதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் அதன் அடித்தகடு உள்ளங்கை அகலம்தான். கார் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினாலும் அது சாய்ந்துவிடும். நடுவழியில் பஞ்சர் ஆனால் ஸ்டெப்னி மாற்றுவதற்கென்று மட்டும் கொடுக்கப்பட்டது அது. வண்டிக்கு அடியில் போகக் கூடாது என்று பெரும்பாலும் அதன் மேலேயே படம் போட்டு ஒட்டியிருப்பார்கள்.

இனி நான் ஏன் அந்தப் படத்தைப் பார்த்து இவ்வளவு பதறினேன் என்று சொல்கிறேன்.

என் அக்கா மகன் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். சின்ன வயதில் பட்டறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து நட்டு போல்ட்டுகளைத் தரம் பிரித்துப் போடுவான். சொந்தமாகக் கார் வாங்கிய பிறகு, வீடியோக்களைப் பார்த்து, தானே சின்னச் சின்ன வேலைகள் செய்யத் தொடங்கினான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலைப்பொழுதில் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் காரின் பின்பக்கம் உயர்ந்து நிற்கிறது. பம்பருக்கு அடியிலிருந்து அவன் கால்கள் இரண்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்கிறது. சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் அறுந்து சத்தம் வந்ததாம், மாற்றுவதற்காகப் படுத்திருக்கிறான்.

நான் சத்தம் போடவில்லை. திடுக்கிட்டு எழுந்தால் தலை மேலே இடிக்கும், வண்டி ஆடும். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மாப்ள, கையில இருக்கிறத அப்படியே கீழ வச்சிட்டு, மெதுவா வெளிய வா" என்றேன்.

"ரெண்டு நிமிஷம் மாமா, முடிஞ்சிடுச்சு."

"இப்ப வா."

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். ஊர்ந்து வெளியே வந்தான். "மூணு டன் ஜாக்கி மாமா. காரோட மொத்த எடையே ஆயிரம் கிலோ வராது" என்றான். ஹேண்ட் பிரேக் போட்டிருப்பதாகவும் சொன்னான். நான் பதில் சொல்லாமல் அவன் கையைப் பிடித்து நான்கடி தள்ளி நிறுத்திவிட்டு, காரின் பின்மூலையில் இடுப்பை வைத்து ஒரு தள்ளு தள்ளினேன். பலமாக இல்லை. இறுகிய நட்டைக் கழற்ற ஒருவன் அடியில் படுத்துக்கொண்டு இழுத்தால் எவ்வளவு விசை வருமோ அவ்வளவுதான். கார் அரையடி முன்னால் உருண்டது. ஜாக்கியின் சக்கரம் தரை ஓடுகளின் இடுக்கில் மாட்டி நின்றது. பின் ஆக்சில் ஜாக்கியின் தலையிலிருந்து வழுக்கி, காரின் பின்பாகம் மொத்தமும் கீழே விழுந்தது. வீட்டுக்குள்ளிருந்து அக்கா ஓடி வந்தாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் காருக்கு அடியில்தான் கிடந்தது.

என்ன நடந்தது என்பதை அன்றே அவனுக்கு உட்கார வைத்துச் சொன்னேன். உங்கள் வாசகர்களுக்கும் அது வேண்டும். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அவன் தூக்கியதோ பின்சக்கரங்கள் இரண்டையும். அந்தரத்தில் இருக்கும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து என்ன பயன்? கியரும் போடவில்லை. தரையில் இருந்த முன்சக்கரங்கள் இரண்டும் உருளத் தயாராக இருந்தன. ஜாக்கிக்கும் சக்கரம் உண்டு, அதுவும் உருளும். அந்தக் கார் அரைமணி நேரம் நின்றது, அதுவரை யாரும் அதைத் தள்ளவில்லை என்பதால்தான்.

கியர் போட்டிருந்தாலோ, ஆட்டோமேட்டிக் வண்டியில் பார்க்கிங்கில் வைத்திருந்தாலோ போதுமே என்று சிலர் நினைப்பார்கள். முன்சக்கரம் இழுக்கிற கார்களில் ஒரு பக்க முன்சக்கரத்தை மட்டும் தூக்கினால் அதுவும் காப்பாற்றாது. நடுவில் டிஃபரென்ஷியல் இருக்கிறது. இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதற்காக வைத்த அமைப்பு அது. கியர் பூட்டியிருந்தாலும், தூக்கிய சக்கரம் பின்பக்கமாகச் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் முன்பக்கமாக உருளும். பட்டறையில் புதுப் பையன்களுக்கு இதைச் செய்து காட்டுவோம்; நம்பவே மாட்டார்கள். ஆகவே ஹேண்ட் பிரேக்கும் போட வேண்டும், கியரும் போட வேண்டும், தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையும் போட வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கினால் முன்சக்கரங்களுக்கு, முன்பக்கத்தைத் தூக்கினால் பின்சக்கரங்களுக்கு. ஆப்பு வடிவில் செதுக்கிய கனமான மரக்கட்டையாக இருக்கட்டும். உருண்டைக் கல் வேண்டாம். சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டே போய்விடும்.

இன்னொன்றும் அவன் கேட்டான். "சக்கரம் நாலும் மாட்டித்தானே இருந்துச்சு மாமா. விழுந்தாலும் சக்கரத்து மேலதான விழும்?" நியாயமான கேள்வி. ஸ்கேல் எடுத்து வரச் சொல்லி அளந்தோம். காரின் அடிக்கும் தரைக்கும் 17 சென்டிமீட்டர். அவனை மல்லாந்து படுக்க வைத்து நெஞ்சின் உயரத்தை அளந்தேன், 22 சென்டிமீட்டர். அதுவும் சும்மா நிற்கிற காரின் கணக்கு. மேலிருந்து விழும்போது சுருள்வில் அமுங்கி, கார் இன்னும் கீழே இறங்கித்தான் மேலே வரும். அவன் அந்த ஸ்கேலை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தான்.

பக்கத்தில் இரண்டு ஹாலோ பிளாக் கற்களை அவன் தயாராக வைத்திருந்தான். 'பாதுகாப்புக்கு' என்றான். அதற்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். சுவரில் அந்தக் கல் சுமக்கும். ஏனென்றால் மேலே உள்ள பாரம் கல்லின் முகம் முழுவதும் சமமாகப் பரவி இறங்குகிறது. காரின் அடியில் ஒரு விரல் அகல இரும்பு விளிம்பு ஒரே இடத்தில் உட்காரும். கல் வளையாது, எச்சரிக்காது. தூள் தூளாக உடையும். அதையும் படுக்கையாக, துளை பக்கவாட்டில் இருக்கும்படி வைத்துவிட்டால் பலம் இன்னும் குறைவு. செங்கல் அடுக்கும் இதே கதைதான். உடைந்துபோகும் எதையும் காருக்கு முட்டுக் கொடுக்கக் கூடாது.

நாங்கள் பட்டறையில் இருந்த காலத்தில், பக்கத்துத் தெருவில் ஒருவர் தன் வீட்டு வாசலில் இப்படிப் போய்விட்டார். எங்களைக் கூப்பிட்டுத்தான் காரைத் தூக்கினார்கள். அவர் மனைவி இருபதடி தூரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தார். சத்தமே கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்டிருக்காது. மூச்சை உள்ளே இழுக்க வேண்டுமென்றால் விலா விரிய வேண்டும். நெஞ்சின் மேல் பாரம் உட்கார்ந்துவிட்டால் வாயும் மூக்கும் திறந்திருந்தும் காற்று உள்ளே போகாது. காற்று இல்லாமல் குரல் வராது. எலும்பு முறியாமலே, ரத்தம் சிந்தாமலே சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த அம்மா இன்றைக்கும் தான் கவனிக்காமல் விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தால், அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று இந்தக் கடிதத்தின் மூலமாவது சொல்ல ஆசைப்படுகிறேன்.

மறுவாரம் என் பழைய ஸ்டாண்டுகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். அதே காரை, அதே வேலைக்கு, இருவருமாகத் தூக்கினோம். அன்று செய்ததைச் சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் இடம். வாசல் வேண்டாம் என்றேன். ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் அங்கே தரை தெருப்பக்கம் சரிந்திருந்தது. உள்ளே சிமென்ட் தளம் மட்டமாக இருந்தது. காரை அங்கே கொண்டு வந்தோம். மண், சரளை, புல்தரை எதுவுமே ஆகாது. தார்த்தரையும் வெயிலில் இளகி, ஸ்டாண்டின் கால்கள் உள்ளே இறங்கும். வேறு வழியே இல்லையென்றால் கனமான ஒட்டுப்பலகையை அடியில் விரிக்க வேண்டும். டிராலி ஜாக்கிக்கு வழவழப்பான தரை தேவைப்படுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதன் கை நேராக மேலே போவதில்லை, வளைவாகப் போகிறது. உயர உயர அதன் தலை கைப்பிடிப் பக்கமாக நகரும். அதற்கு ஈடாக ஜாக்கி முழுவதும் காருக்கு அடியில் கொஞ்சம் உருண்டு போக வேண்டும். சின்னக் கல் ஒன்று அதன் சக்கரத்தைத் தடுத்தாலும், நகர முடியாத ஜாக்கி காரைத் தன் பக்கம் இழுக்கும். அதனால் தூக்குவதற்கு முன் தரையைப் பெருக்கச் சொன்னேன்.

பிறகு கட்டை. முன்சக்கரங்கள் இரண்டுக்கும், இருபுறமும், நான்கு கட்டைகள். ஹேண்ட் பிரேக், முதல் கியர். காருக்குள் யாரும் இல்லை. சாவி என் சட்டைப் பையில். குழந்தைகளை அக்கா வீட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்து, எங்கே தூக்குவது. இதைக் காரின் கையேட்டைப் பார்க்காமல் யாரும் செய்யக் கூடாது, நானும் செய்ய மாட்டேன். கதவுக்குக் கீழே ஓடுகிற இரட்டைத் தகட்டு விளிம்பில், முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் வெட்டு அடையாளம் இருக்கும். அந்த இடத்தில் மட்டும் உள்ளே கூடுதல் தகடு வைத்துப் பலப்படுத்தியிருப்பார்கள். நான்கு விரல் தள்ளி வைத்தால் தகடு மடங்கும். ஆயில் சம்ப் எனும் எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி, கியர்பாக்ஸ், ரேடியேட்டருக்குக் கீழே உள்ள மெல்லிய சட்டம், தரைத்தகடு, பிளாஸ்டிக் மூடி இவற்றில் ஒருபோதும் வைக்கக் கூடாது. பேட்டரியில் ஓடும் கார்களில் தரைக்கு அடியில் முழுக்க பேட்டரிப் பெட்டிதான் இருக்கும். அவற்றில் குறித்த இடம் தவிர ஓர் அங்குலம் தள்ளியும் ஜாக்கி படக் கூடாது.

வீட்டில் வேலை செய்கிற எல்லாரும் முட்டிக்கொள்கிற சிக்கல் ஒன்று இங்கே உண்டு. ஓரத்தில் குறித்த இடம் ஒன்றுதான். அதில் ஜாக்கியை வைத்துவிட்டால் ஸ்டாண்டை எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் பலர் ஸ்டாண்டு வாங்கியும் போடாமல் விட்டுவிடுகிறார்கள். கையேட்டின் பின்பகுதியில் தேடினால், பல கார்களுக்கு முன்னால் நடுவில் ஒன்றும் பின்னால் நடுவில் ஒன்றுமாக, டிராலி ஜாக்கிக்கென்று தனி இடம் காட்டியிருப்பார்கள். நடுவில் தூக்கினால் இரண்டு ஓரங்களும் ஸ்டாண்டுக்குக் கிடைத்துவிடும். அக்கா மகன் காரிலும் அப்படி ஓரிடம் இருந்தது. அவன் முதல் தடவை வைத்தது அந்த இடத்திலும் அல்ல. அதற்கு ஒரு சாண் தள்ளி, உருண்டையான ஆக்சில் குழாயில். வழுக்காமல் என்ன செய்யும்! நடுவில் இடம் குறிக்காத காராக இருந்தால், ஓரத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்கி, கையேடு காட்டுகிற அடுத்த பலமான சட்டத்தில் ஸ்டாண்டைக் கொடுக்க வேண்டும். எதுவுமே புரியவில்லையென்றால், தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காரைக் காட்டி, சுண்ணக்கட்டியால் நான்கு இடங்களில் குறி போட்டுத் தரச் சொல்லுங்கள். எந்த மெக்கானிக்கும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.

வேலைக்கு எவ்வளவு உயரம் தேவையோ அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட வேண்டாம். ஸ்டாண்டின் உயரத்தைப் பிடித்து நிறுத்துவது அதன் தண்டில் உள்ள பற்கள்; இரண்டு ஸ்டாண்டுகளையும் ஒரே பல்லில், ஒரே உயரத்தில் வைத்தோம். வைக்கும்போது கை மட்டும் ஓரத்தில் நீண்டது. தலையும் தோளும் வெளியே. பிறகு ஜாக்கியின் திருகைக் கால்வாசி திருப்பி, கார் ஸ்டாண்டின் மேல் மெல்ல உட்காரும்வரை இறக்கினோம். சிலர் இதைச் செய்வதில்லை. ஸ்டாண்டை ஒப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பாரத்தை ஜாக்கியிலேயே விட்டுவிடுவார்கள். இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு வைத்த ஸ்டாண்டின் மேல் கார் விழுந்தால் அது சாயும். பாரம் ஸ்டாண்டின் மேல் உட்கார வேண்டும்; அதன் பிறகு ஜாக்கியைத் துணைக்கு லேசாகத் தொட்டாற்போல் உயர்த்தி வைக்கலாம். உட்கார்ந்த பின் இரண்டு ஸ்டாண்டுகளையும் சுற்றி வந்து பார்த்தோம். நான்கு காலும் தரையில் படிகிறதா, பல் முழுசாக மாட்டியிருக்கிறதா, பல் நழுவாமல் குறுக்கே செருகும் பூட்டு ஊசி போட்டாயிற்றா என்று.

ஸ்டாண்டு என்று எழுதியிருந்தாலே நம்பிவிடவும் முடியாது. 2020இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கருவி விற்பனை நிறுவனம், தான் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளில் சுமார் 17 லட்சத்தைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. உயரத்தைப் பிடித்து நிறுத்தும் பல்லும் கொக்கியும் சில ஸ்டாண்டுகளில் சரியாகக் கவ்வாமல், பாரத்தோடு திடீரென இறங்கக்கூடும் என்று தெரிய வந்ததால். அவற்றுக்கு மாற்றாக வாங்கிக்கொள்ளச் சொன்ன ஸ்டாண்டு ஒன்றிலும் பற்றவைப்பில் குறை கண்டு, அதையும் திரும்பப் பெற்றார்கள். இதைப் படித்த பிறகு நான் பல்லு வைத்த ஸ்டாண்டை விட்டுவிட்டு, துளைக்குள் தடித்த இரும்பு ஊசி செருகுகிற பழைய மாதிரி ஸ்டாண்டுக்கே திரும்பிவிட்டேன். அதில் வழுக்குவதற்கு ஒன்றுமில்லை. பல்லு வைத்ததாக இருந்தால் அதோடு குறுக்கே பூட்டு ஊசியும் உள்ளதை வாங்குங்கள். வாங்கும்போது, எழுதியிருக்கும் டன் கணக்கு ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்று ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பாருங்கள். இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள்.

எல்லாம் முடிந்ததும் அக்கா மகனைக் கூப்பிட்டு, "இப்ப நீ தள்ளு" என்றேன். தயங்கினான். முதலில் கையால், பிறகு இடுப்பால், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் தள்ளினான். கார் அசையவில்லை. விழுவதாக இருந்தால் நாம் வெளியே நிற்கும்போது விழட்டும் என்பதற்காகத்தான் இந்தத் தள்ளு. எந்த மெக்கானிக்கும் இதைச் செய்யாமல் உள்ளே போக மாட்டார். உங்கள் படத்தில் உள்ள தம்பிக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை என்றே நினைக்கிறேன். கடைசியாக ஸ்டெப்னியை எடுத்து, அவன் படுக்கப்போகும் இடத்துக்குப் பக்கத்தில், காரின் ஓரச் சட்டத்துக்கு அடியில் படுக்கையாகத் தள்ளி வைத்தோம். சக்கரம் கழற்றுகிற வேலையாக இருந்தால் கழற்றிய சக்கரத்தையே அப்படி வைக்கலாம். எல்லாமே கைவிட்டாலும் கார் அதன் மேல் வந்து நிற்கும். உங்கள் படத்தில் சுவரோரம் சாய்ந்திருந்த சக்கரத்தைப் பார்த்ததும் எனக்கு அதுதான் மனதில் வந்தது. நாலடி இந்தப் பக்கம் உருட்டி வைத்திருக்கலாமே!

சைலன்சர் போல்ட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. போன தடவை அவன் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்ததும் அதைத்தான். முதல் நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தோம். சின்ன ஸ்பேனரிலேயே கழன்றது. ஸ்டாண்டின் மேல் நிற்கிற காருக்கு அடியில் ஸ்பேனரில் பைப் மாட்டி நெம்பக் கூடாது. சக்கர நட்டுகளையும் அப்படித்தான். சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று தளர்த்திவிட்டுத் தூக்க வேண்டும். இறக்கிய பிறகுதான் கடைசி இறுக்கு.

ஆயில் மாற்றுவதற்கு மட்டும் என்றால் சக்கரத்தை ஏற்றி நிறுத்துகிற சரிவுமேடைகள் ஜாக்கியைவிட நிம்மதியானவை. ஏறும்போது மேடை முன்னால் வழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்றிய பிறகு தரையில் உள்ள சக்கரங்களுக்குக் கட்டை அங்கேயும் தேவை.

தனியாக வேலை செய்யாதீர்கள் என்றும் கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். முடியாதென்றால், உள்ளே போவதற்கு முன் வீட்டில் ஒருவரிடம் சொல்லி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குரல் கொடுக்கச் சொல்ல வேண்டும். ஒருவேளை கார் ஆள்மேல் இறங்கிவிட்டால், பார்த்தவர்கள் செய்கிற முதல் காரியம் காலைப் பிடித்து இழுப்பது. இழுக்கக் கூடாது. ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போதே இன்னொருவர் ஜாக்கியை மறுபடி பலமான இடத்தில் வைத்துத் தூக்க வேண்டும். தூக்கத் தூக்க ஸ்டெப்னி, மரக்கட்டை என்று கிடைத்ததை அடியில் தள்ளிக்கொண்டே வர வேண்டும். ஜாக்கி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் ஏறும் என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருப்பது அதனால் முக்கியம். என் அக்காவுக்கு அன்றே கற்றுக் கொடுத்தேன். அறுபத்தாறு வயதில், கைப்பிடியை அழுத்திக் காரின் பின்பக்கத்தைத் தானே தூக்கிப் பார்த்தாள்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. வரும் ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே அளவில், ஸ்டாண்டும் கட்டையும் போட்ட காரின் படத்தைப் போட்டு, முந்தைய படத்தில் செய்திருப்பதைச் செய்யாதீர்கள் என்று எழுதுங்கள். ஒரு மூலையில் சிறிய எழுத்தில் திருத்தம் வெளியிட்டால் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அதைப் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது, இனி இந்த மாதிரிக் கட்டுரை அச்சுக்குப் போகும் முன் கையில் கிரீஸ் பட்ட ஒருவரிடம் படங்களைக் காட்டிவிடுங்கள். ஜாக்கி விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஸ்டாண்டு இருக்கிறதா என்று கேட்காமல் ஒருவருக்கு ஜாக்கி கொடுக்காதீர்கள்.

சரியான படம் உங்களிடம் இல்லையென்றால் எடுத்துக்கொள்ளலாம். என்னிடம் நான்கு ஸ்டாண்டுகள், எட்டுக் கட்டைகள், ஒரு டிராலி ஜாக்கி இருக்கின்றன. கார் அக்கா மகனுடையது. படத்தில் அவனே படுக்கிறேன் என்கிறான். புகைப்படக்காரரை எந்தக் காலையில் அனுப்பினாலும் வெயில் ஏறுவதற்குள் தூக்கி நிறுத்தி வைத்திருப்போம். அவரையும் ஒருமுறை தள்ளிப் பார்க்கச் சொல்லுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கார் மெக்கானிக் ஒருவர்